இரண்டாவது சனிக்கிழமை வந்த பிளாப்பி

எழுதத் தெரிந்தவர்கள் எழுதும் இடத்தில் நானும் வந்து உட்கார்ந்ததற்கு முதலில் மன்னிக்க வேண்டும். பன்னிரண்டாவதோடு படிப்பை நிறுத்தியவள் நான். கடலூரில் ஒரு ஜவுளிக்கடையில் பில் போடுகிறேன். நாலு பேர் இருந்தால் வாய் திறக்கவே கூச்சம் வந்துவிடும். பதினாலு வயதில் எழுதாமல் விட்ட இரண்டு வார்த்தைக்காகத்தான் இப்போது இவ்வளவையும் எழுதுகிறேன்.

அந்தக் காலத்துத் தொலைபேசியின் ரிசீவரைக் காதில் வைத்ததும், பூனை தொண்டைக்குள் உறுமுவதுபோல ஒரு சத்தம் கேட்கும். எங்கள் வீட்டு ரிசீவரில் பேசுகிற பக்கத்து ஓட்டைகளில் அம்மாவின் பவுடர் வாசனை இருக்கும். கேட்கிற பக்கத்தில் அந்த உறுமல். ஒரு மாதத்துக்கும் மேலாக நான் அதைத் திரும்பத் திரும்பக் கேட்டுக்கொண்டே இருந்தேன்.

அப்பா பெயிண்ட் கடையில் விற்பனை வேலை பார்த்தார். நான் படித்து முன்னுக்கு வருவேன் என்று புதுச்சேரியில் ஒரு அலுவலகம் கழித்துப்போட்ட கம்ப்யூட்டரை வாங்கி வந்து, மாதா படத்துக்குக் கீழே வைத்தார். மூன்றே மாதத்தில் வைரஸ் வந்து அது படுத்துவிட்டது. சிதம்பரத்தில் விடுதியில் தங்கிப் படித்துக்கொண்டிருந்த பெரியம்மா மகன் பிரான்சிஸ் அண்ணன் வந்து, இது இலவசம், வைரஸ் கிட்டே வராது என்று சொல்லி லினக்ஸைப் போட்டுவிட்டுப் போனார். திரை ஒளிர்ந்தது, பாட்டுப் பாடியது, எல்லாம் நன்றாகத்தான் இருந்தது. போன் ஒயர் வழியாக இணையத்தைக் கொண்டுவருகிற மோடம் மட்டும் செத்துக் கிடந்தது. பெட்டிக்குள் சொருகியிருந்த அந்த அட்டை பாதி மோடம்தானாம். மீதி வேலையை "டிரைவர்" என்கிற மென்பொருள் செய்யவேண்டுமாம். லினக்ஸுக்கு அந்த டிரைவரை யாரோ எங்கோ எழுதி இணையத்தில் வைத்திருக்கிறார்கள். ஆனால் மோடம் வேலை செய்தால்தானே எங்கள் வீட்டில் இணையம்.

இணையம் வேண்டுமென்றால் எங்கள் வீட்டிலிருந்து நாலு வீடு தள்ளி ஒரு பிரவுசிங் சென்டர் இருந்தது. ஆளுயரத்துக்குத் தட்டி அடித்து, திரைச்சீலை தொங்கவிட்ட சின்னச் சின்ன அறைகள். "தட்டி அடிச்ச ரூமுல பொம்பளப் புள்ளைங்களுக்கு இன்னா வேல" என்று அப்பா ஒரே ஒரு முறை சொன்னார். அந்தத் தெருவில் எல்லா அப்பாக்களும் அதையே சொன்னார்கள். அதற்குப் பிறகு நாங்கள் அந்த வாசலைக் கடக்கும்போது தலையைத் திருப்பிக்கூடப் பார்த்ததில்லை.

அக்கா செலின் அப்போதுதான் நர்சிங் முடித்துவிட்டு வீட்டுக்கு வந்திருந்தாள். படிக்கும் இடத்தில் இருந்தபோதே, வெளிநாட்டில் ஒரு மருத்துவமனை வேலைக்கு விண்ணப்பம் போட்டுவிட்டாள். சென்னையில் நேர்முகத் தேர்வு, அழைப்பு மின்னஞ்சலில்தான் வரும். இது அப்பாவுக்குத் தெரியாது, தெரிந்தால் நடக்காது. அதனால் பிரான்சிஸ் அண்ணனிடமும் சொல்ல முடியாது. அவர் வாயில் எதுவும் நிற்காது. உலகத்தில் என்னிடம் மட்டும்தான் சொன்னாள். நானும் பெரிய மனுஷிபோல, நான் வரவைத்துத் தருகிறேன் என்று சொல்லிவிட்டேன்.

சனிக்கிழமைகளில் அப்பா ஆர்டர் எடுக்கச் சிதம்பரம் போவார். அண்ணன் அங்கே டிரைவரை இறக்கி பிளாப்பியில் போட்டுக் கொடுக்க, அப்பா அதைக் காலி சோப்பு டப்பாவில் வைத்து, பேருந்தில் மடியில் பிடித்துக்கொண்டு, குழந்தையைக் கொண்டுவருவதுபோலக் கொண்டுவந்து என் கையில் கொடுப்பார். மோடம் வந்தால் யாருக்கு என்ன வரும் என்று தெரியாமலேயே அவர் அவ்வளவு பத்திரமாகச் சுமந்தார் என்பதை நினைத்தால் இப்போதும் எனக்குத் தாங்கவில்லை.

முதல் சனிக்கிழமை வந்த டிரைவர் ஏறவில்லை. லினக்ஸின் அடிமடியில் "கெர்னல்" என்று ஒன்று உண்டு. அதற்கு ஒரு எண் உண்டு. டிரைவர் வேறு எண்ணுக்கு எழுதப்பட்டிருந்தது. திரையில் வந்த ஆங்கிலம் முழுவதையும், எனக்குப் புரிந்ததும் புரியாததுமாக, இரண்டு தாள் நிறைய எழுதி அடுத்த சனிக்கிழமை டப்பாவில் வைத்து அனுப்பினேன். சாயங்காலம் இரண்டாவது பிளாப்பியோடு அண்ணனின் சீட்டு வந்தது. "பக்கம் பக்கமா கதை எழுதி அனுப்பாத. வந்துச்சா, வரலையா. அத மட்டும் எழுது." பிளாப்பியைக் கொடுக்கும்போது, விடுதிப் பையன்கள் எல்லாரும் என் தாளை வாங்கிப் படித்துச் சிரித்ததாக அப்பா சாதாரணமாகச் சொன்னார். எனக்கு உடம்பெல்லாம் கூசிப்போயிற்று.

அந்த இரண்டாவது பிளாப்பி ஏறியது. பெட்டிக்குள் "டிக்" என்று ஒரு சத்தம் கேட்டது. அக்கா ஈரக்கையோடு சமையலறை வாசலில் வந்து நின்றாள். இரண்டு விநாடியில் திரையில் ஒரு வரி வந்தது: நோ டயல்டோன். அதாவது போனில் சத்தம் இல்லையாம். நான் மோடத்திலிருந்து ஒயரைப் பிடுங்கிப் போனில் சொருகி, ரிசீவரைக் காதில் வைத்தேன். பூனை நன்றாகவே உறுமியது. திரும்ப மாற்றிச் சொருகினேன், அதே வரி. சத்தம் எனக்குக் கேட்கிறது, அதற்குக் கேட்கவில்லை. பத்து முறையாவது மாற்றி மாற்றிச் சொருகியிருப்பேன். அம்மா சலித்துக்கொண்டாள்: "போனுக்கு வாயக் கட்டி வச்சிட்டா எவன் இருக்கான் எவன் செத்தான்னு எப்பிடிடீ தெரியும்?"

அடுத்த சனிக்கிழமை டப்பாவில் வைத்த சீட்டில் நான் ஒரே ஒரு வார்த்தை எழுதினேன். "வரலை."

அதைப் படித்த அண்ணன் டிரைவர்தான் இன்னும் சேரவில்லை என்று நினைத்துக்கொண்டு வேறு எண்ணில் ஒன்று அனுப்பினார். ஏற்றினேன், அதே வரி. "வரலை." அதற்கடுத்த வாரம் கெர்னலையே மாற்றச் சொல்லி ஒரு சிடியும் நீளமான குறிப்பும் அனுப்பினார். ஞாயிற்றுக்கிழமை நாங்கள் பூசைக்குப் போய்விட்டு வந்ததிலிருந்து சாயங்காலம் வரை அந்தப் பெட்டி முனகிக்கொண்டே கிடந்தது. முடிவில் அதே வரி. அக்கா வாயால் எதையும் கேட்கமாட்டாள். வாசலில் நின்று புருவத்தை மட்டும் உயர்த்துவாள். நான் இல்லையென்று தலையை ஆட்டுவேன். அவள் உள்ளே போய் மறுபடி பாத்திரம் தேய்ப்பாள். கடைசி இரண்டு வாரம் அவள் வாசலுக்கு வருவதையும் நிறுத்திவிட்டாள்.

ஆறாவது வாரம், ஒரு ஞாயிற்றுக்கிழமை பிரான்சிஸ் அண்ணன் அவராகவே வந்தார். திரையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், ஓர் இடத்தில் எக்ஸ் என்றும் மூன்று என்றும் தட்டினார். உடனே மோடம் எண்களைச் சுழற்றி, கத்தி, இரைந்து, இணைந்துவிட்டது. முழுதாக ஒரு நிமிடம் ஆகவில்லை. நம் ஊர் டோன் கொஞ்சம் நடுங்குமாம். வெளிநாட்டு மோடம் நடுங்காத டோனுக்காகக் காத்திருக்குமாம். காத்திருக்காதே, நேராக டயல் செய் என்று அதற்குச் சொன்னால் போதுமாம். பிறகு குரலைத் தாழ்த்தி என்னிடம் சொன்னார்: "ரெண்டாவது பிளாப்பியிலயே டிரைவர் ஏறிடுச்சிடி. திரையில வந்த இந்த ரெண்டு வார்த்தைய நீ எழுதியிருந்தா அன்னிக்கே சொல்லியிருப்பேன்."

அவர் எழுந்து அம்மாவிடம் பேசப் போனதும் அக்கா வந்து உட்கார்ந்தாள். அழைப்பு மின்னஞ்சல் வந்திருந்தது. மூன்றாவது சனிக்கிழமைக்கு முந்தின நாள் வந்தது. நேர்முகத் தேர்வு, நாங்கள் அதைப் படித்த ஞாயிற்றுக்கிழமைக்கு முந்தின வியாழனோடு முடிந்துபோயிருந்தது. அக்கா அதை இரண்டு முறை படித்தாள். மூடினாள். "பிரான்சிஸ், இருடா, டீ போட்டு எடுத்தாரேன்" என்று சொல்லிக்கொண்டே சமையலறைக்குப் போனாள். டீயில் சர்க்கரைகூட அளவாகத்தான் இருந்தது. அப்பா அண்ணன் தோளைத் தட்டி, இணையம் வந்துவிட்டதென்று சந்தோஷமாக எல்லோருக்கும் பக்கோடா வாங்கிவந்தார்.

அண்ணன் என்னிடம் சொன்னதை நான் அக்காவிடம் சொல்லவில்லை. இருபத்தைந்து வருடத்துக்கும் மேலாகச் சொல்லவில்லை. அவள் மறுபடி எங்கும் விண்ணப்பிக்கவில்லை. சிதம்பரத்தில் ஒரு சின்ன நர்சிங் ஹோமில் சேர்ந்து, அங்கேயே கல்யாணமாகி, இன்றைக்கும் அதே வேலையில் இருக்கிறாள்.

அந்த வீட்டில் இப்போது போன் கிடையாது. போன மாதம் சுவரில் தொங்கிக்கொண்டிருந்த செத்த ஒயரைப் பிடுங்கினோம். பிளாப்பியைக் காட்டினால் என் மகளுக்கு என்னவென்று தெரியாது. பிரவுசிங் சென்டர் இருந்த இடத்தில் பிரியாணிக் கடை. ஒயரைப் பிடுங்கிய அன்றைக்கு அக்காவும் வந்திருந்தாள். ஒயரைச் சுருட்டிக்கொண்டிருந்த அவளிடம், கையைப் பார்த்துக்கொண்டே, எல்லாவற்றையும் சொன்னேன்.

அவள் திட்டுவாள் என்று இருந்தேன். சுருட்டி முடித்தாள்.

"அந்த பிரவுசிங் கட நம்ம வூட்டுலேர்ந்து எத்தன வூடு தள்ளி இருந்துச்சி?"

"நாலு."

"நாலு வூடு" என்றாள். ஒயர்ச் சுருளைக் கீழே வைத்துவிட்டு, "நீ எழுதாதது இருக்கட்டும்டி. நான் நடந்து போயிருக்கலாம்" என்றாள்.

மறுநாள் அவளுக்குக் காலை டியூட்டி. முதல் பேருந்தில் சிதம்பரம் போனாள்.