கீதாவும் ஐந்து எச்.பி. மோட்டாரும்

புதிதாக ஒரு சாமான் கடைக்கு வந்தால் எங்கள் ஊரில் முதலில் என்னிடம்தான் வந்து கருத்துக் கேட்பார்கள். நான் நன்றாக இருக்கிறது என்று சொன்னால் வாங்கமாட்டார்கள். என் சொல்லுக்கு அவ்வளவு மதிப்பு.

அவர்களைக் குறை சொல்ல முடியாது. நடக்கிற அடியை எண்ணும் கைக்கடிகாரத்தை எங்கள் தெருவில் முதலில் கட்டியவன் நான். அதைக் கட்டிக்கொண்டு ஒருநாள் டிராக்டரில் உட்கார்ந்து கழனி முழுக்க ஓட்டினேன். வண்டி குலுக்கிய குலுக்கலை எல்லாம் அது நடை என்று எண்ணிக்கொண்டு, சாயங்காலம் மணியடித்து, பட்டாசு படம் போட்டு என்னைப் பாராட்டியது. நான் பெருமையாகக் கொண்டுபோய்க் காட்டினேன். மனைவி கடிகாரத்தைப் பார்த்தாள், என் தொப்பையைப் பார்த்தாள். உட்கார்ந்துகொண்டே நடக்கிற ஆளை இப்போதுதான் பார்க்கிறேன் என்று சொல்லிவிட்டு உள்ளே போனாள்.

பாட்டுச் செயலியும் அப்படித்தான். மனைவி, நான், சென்னையில் விடுதியில் தங்கி வேலை பார்க்கும் மகள், மூன்று பேருக்கும் ஒரே கணக்கு. காலையில் மனைவிக்கு பக்திப் பாட்டு, மகளுக்கு பஸ்ஸில் குத்துப்பாட்டு, மதியம் எனக்குத் தூக்கம் வரவைக்கும் பழைய பாட்டு. செயலி இதையெல்லாம் ஒரே ஆள் கேட்பதாக நினைத்துவிட்டது. ஒரு வெள்ளிக்கிழமை கற்பூரம் காட்டும்போது அம்மன் பாட்டு முடிந்த கையோடு அது தானாக ஒரு டப்பாங்குத்தைப் போட்டது. மனைவி ஒரு கையில் தட்டு, ஒரு கையில் மணியோடு நின்றாள். நிறுத்தக் கை இல்லை. மணி மட்டும் அந்தத் தாளத்துக்குப் போய்விட்டது. வருஷக் கடைசியில் நான் அதிகம் கேட்டது எது என்று அது ஒரு பட்டியல் கொடுத்தது. முதலிடம், மழைச் சத்தம். ஏரிப் பாசனக்காரன், வானத்தைப் பார்த்துப் பயிர் வைப்பவன், சந்தா கட்டி மழை கேட்டிருக்கிறேன்.

இவ்வளவு சொன்னாலும் இந்தச் சாமான்களின் மேல் எனக்கு நன்றி உண்டு. எனக்கும் என் தம்பிக்கும் நடுவில் புகுந்து கெடுத்தது ஒரு போன். கூட்டிவைத்தது இன்னொரு போன். கெடுத்ததில் என் பங்கு கொஞ்சம் அதிகம்.

எங்கள் பக்கத்துப் பேச்சில் 'இருக்கிறது' என்பதற்கு 'கீது' என்போம். எனக்கு எழுத்தைத் தேடித் தேடித் தட்டுவதில் பொறுமை கிடையாது. அதனால் போனில் வாயால் சொன்னால் அதுவே எழுதிக்கொள்ளும் வசதியைப் பிடித்துக்கொண்டேன். ஒன்றரை வருடம் முன்பு ஒரு மத்தியானம், மச்சான், அதாவது என் மனைவியின் அண்ணன், குடும்ப குரூப்பில் மருந்தடிக்கும் மிஷின் எங்கே என்று கேட்டார். அந்த மிஷினை நானும் தம்பியும் பொதுவாக வைத்திருந்தோம். நான் போனை வாய்கிட்டே வைத்துத் தெளிவாகச் சொன்னேன்: "தம்பி வூட்ல இல்ல, கயனி கொட்டாய்ல கீது."

போன் படித்த போன். அது எழுதியது: 'தம்பி வீட்ல இல்ல கழனி கொட்டாய்ல கீதா'.

நாற்பது சொச்சம் சொந்தக்காரர்கள் உள்ள குரூப். தம்பியின் மாமனார் வீடு முழுக்க அதில் இருக்கிறது. போதாக்குறைக்கு அந்த நேரம் தம்பி நிஜமாகவே வீட்டில் இல்லை. கழனிக் கொட்டாயில் கட்டில் போட்டுத் தூங்கிக்கொண்டிருந்தான்.

முதலில் மச்சான்தான் ஒரு கேள்விக்குறி போட்டார். அப்போதுதான் பார்த்தேன். பதறிப்போய் மறுபடி போனை வாயருகே கொண்டுபோய் "கீதா இல்ல, கீது" என்றேன். அது 'கீதா இல்ல கீதா' என்று எழுதி அனுப்பியது. சரி, அழித்துவிடலாம் என்று இரண்டையும் அழித்தேன். என் போனிலிருந்து சுத்தமாகப் போய்விட்டது. நிம்மதியாக மோர் குடித்தேன். அழிப்பதில் எல்லோருக்கும் அழிப்பது ஒன்று, எனக்கு மட்டும் அழிப்பது ஒன்று என்று இரண்டு வகை உண்டு என்பதை மாலையில் மனைவி சொல்லித்தான் தெரிந்துகொண்டேன். உலகத்தில் அந்தச் செய்தியைப் படிக்க முடியாத ஒரே ஆள் நான்தான்.

தம்பி மனைவி எங்கள் பக்கத்துப் பெண், 'கீது' தெரிந்தவள். அவளுக்கு இரண்டு நாளில் விஷயம் புரிந்துவிட்டது. ஊருக்குத்தான் புரிந்துகொள்ள மனசில்லை. காதுகுத்துக்குப் போனால் கீதா சௌக்கியமா என்றார்கள். உர மூட்டை தூக்கினால் கீதாவுக்கும் சேர்த்தா என்றார்கள். தம்பி என்னைப் போல இல்லை. ஒரு சொல்லை மனசில் போட்டு ஊறவைப்பவன். என்னிடம் வந்து கத்தியிருந்தால் கூடப் பரவாயில்லை. பேசுவதை நிறுத்திவிட்டான். நான் எதிரில் வந்தால் வரப்பு மாறிப் போனான். இந்தக் கதையில் பெயர் உள்ள ஒரே ஆள் கீதாதான், அவளும் பிறக்கவே இல்லை. பிறக்காத ஒருத்தியால் நான் தம்பியை இழந்து உட்கார்ந்திருந்தேன்.

இப்படியே ஒன்றரை வருடம் போனது. அதற்குள் தம்பி மகளுக்குப் பழையசீவரத்தில் மாப்பிள்ளை பார்த்து, தை மாதம் கல்யாணம் என்று முடிவாயிற்று. எனக்கு அதை மச்சான் சொல்லித்தான் தெரியும். அந்தப் பெண் என் தோளில் உட்கார்ந்து ஏரித் திருவிழா பார்த்தவள். மேடையில் பெரியப்பா என்று நிற்க வேண்டிய நான், பத்திரிகை வருமா வராதா என்று கேட் சத்தத்துக்கெல்லாம் எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தேன். எங்களில் ஒரு வழக்கம் உண்டு. குலதெய்வத்துக்கு வைத்த பிறகு பத்திரிகை மூத்தவன் வீட்டுக்கு நேரில் வரவேண்டும். அங்கே வைக்காமல் மற்ற பங்காளிகளுக்கு வைக்க முடியாது. பத்திரிகை அடித்து வந்துவிட்டது, கட்டுப் பிரிக்காமல் பீரோ மேலேயே இருக்கிறது என்று தம்பி மனைவி என் மனைவியிடம் சொல்லியிருந்தாள். பெண்கள் இருவரும் ஒருநாளும் பேச்சை நிறுத்தவில்லை. அவர்களுக்கு வேறு வேலை இருந்தது.

இங்கே மோட்டாரைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஏரித் தண்ணீர் போதாத நாளுக்குத் தம்பிக்கும் எனக்கும் ஒரே கிணறு, ஒரே மோட்டார். ஒருநாள் என் முறை, மறுநாள் அவன் முறை. அந்த மோட்டாருக்கு நான் வாங்கிப் போட்ட ஒரு பெட்டி இருக்கிறது. அதற்குள் ஒரு சிம் கார்டு. நம் போனிலிருந்து அந்த நம்பரைக் கூப்பிட்டால் பெட்டி எடுத்து, ஒரு பெண் குரலில் மோட்டார் ஓடுகிறது என்று சொல்லி, ஓடவும் வைக்கும். மோட்டாருக்கு வேண்டிய த்ரீ பேஸ் கரண்டு நாளில் சில மணி நேரம்தான் வரும், அது இல்லாத நேரத்தில் பெட்டி எடுக்காது. ரிங் போய்க்கொண்டே இருக்கும். பேசாத அந்தக் காலத்தில் நாங்கள் இரண்டு பேரும் பொதுவாகப் பேசிய ஒரே ஆள் அந்தப் பெட்டிதான். தம்பி பட்டன் போனில் கூப்பிடுவான். நான் அதற்கென்று இருக்கும் செயலியில் பச்சைப் பொத்தானை ஒரு தட்டு தட்டுவேன். எனக்கு ரிங்கே கேட்காது. இது முக்கியம்.

கார்த்திகை மாதக் கடைசியில் பெட்டியின் சிம்முக்கு ரீசார்ஜ் முடிந்ததா என்று பார்க்க, அதைக் கழற்றி என் போனில் போட்டேன். எந்தத் திட்டம் நல்லது என்று கேட்க மச்சானைக் கூப்பிட்டேன். தெரியாத நம்பர் என்று அவர் எடுக்கவில்லை. அவருடைய காலர் ட்யூன் முழுசாக ஓடியது. கூடப்பிறந்தவனே குழிபறித்துவிட்டான், இனி யாரை நம்புவேன் என்கிற பொருளில் ஒருவர் உருகி உருகிப் பாடும் பழைய சோகப் பாட்டு. மச்சானுக்கு யார் மேல் என்ன கோபமோ. பாட்டுக்கு நடுவில் ஒரு அம்மா வந்து, இது பிடித்திருந்தால் நட்சத்திரத்தை அழுத்துங்கள் என்றார். அழுத்தினேன். உறுதி செய்ய ஒன்றை அழுத்துங்கள் என்றார். அழுத்தினேன். போனில் எந்த அம்மா எதைக் கேட்டாலும் மறுக்காமல் அமுக்குவது என் குணம். பிறகு சிம்மைப் பெட்டியிலேயே திரும்பப் போட்டுவிட்டு அதை மறந்தும் போனேன்.

மார்கழியில் ஒரு காலை. ஒன்பது மணி இருக்கும். வாசலில் தம்பியின் வண்டிச் சத்தம். பத்திரிகைதான் என்று வேட்டியைச் சரிசெய்துகொண்டு ஓடினேன். அவன் கையில் தட்டு இல்லை. பட்டன் போன் இருந்தது. ஒன்றரை வருடத்துக்குப் பிறகு என் முகத்தைப் பார்த்து அவன் பேசிய முதல் பேச்சு இது:

"இன்னாண்ணா, எம் மொற அன்னிக்கு பாத்து மோட்டார்ல பாட்டு போட்டு வெச்சிகீற?"

எனக்கு ஒன்றும் புரியவில்லை. மோட்டாரில் சத்தம் வருகிறது என்கிறான் போலிருக்கிறது என்று நினைத்தேன்.

"பேரிங் போயிருக்கும்பா. அதான் கத்திக்கினு கீது."

"பேரிங் இல்ல. பாடுது. நான் உனக்கு குயி பறிச்சனா? நீ எனக்கு பறிச்சியா?"

அவன் நம்பரை அழுத்தி, ஸ்பீக்கரைப் போட்டு, போனை என் மூக்குக்கு நேராக நீட்டினான். த்ரீ பேஸ் வரும் நேரம் இல்லை. அதனால் பெட்டி எடுக்கவில்லை. பாட்டு முதலிலிருந்து ஓடியது. எங்கள் ஐந்து எச்.பி. மோட்டார், கூடப்பிறந்தவனை நினைத்து உருகியது. அடுப்படியிலிருந்து மனைவியும் வந்து நின்றாள். தீபாராதனைக்கு நிற்பதுபோல மூன்று பேரும் அசையாமல் நின்று கேட்டோம். அது முடிந்து, இப்பாட்டை உங்களுடையதாக்க நட்சத்திரத்தை அழுத்தவும் என்று அந்த அம்மா வந்தபோதுதான் எனக்கு உறைத்தது.

மனைவிக்கு எனக்கு முன்பே உறைத்துவிட்டது. "இது எங்கண்ணன் பாட்டாச்சே," என்றாள். பிறகு என்னைத் திரும்பிப் பார்த்தாள். "இன்னாத்த அமுக்குன நீ?"

நான் சிம்மைக் கழற்றியது, மச்சான் எடுக்காதது, நட்சத்திரம், ஒன்று, எல்லாவற்றையும் வரிசையாக ஒப்புக்கொண்டேன். கீதா விஷயத்துக்கும் சேர்த்து மன்னிப்புக் கேட்டுவிடலாம் என்று வாயைத் திறந்தேன். அந்தப் பெயரைச் சொல்ல பயமாக இருந்தது. தம்பி தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான். அவன் தோள் குலுங்கியது. அழுகிறான் என்று நினைத்துக் கிட்டே போனேன்.

"மூணு வாரமா கேட்டுக்கினு கீறேன்," என்றான், மூச்சு வாங்க. "நாத்துக்கு தண்ணி பாய்ச்ச போனா ஒப்பாரி. கீதா கேட்டிருந்தா ஓடியே போயிருப்பா."

அவன் வாயால் அந்தப் பெயரைச் சொன்னது அதுதான் முதல் தடவை. நான் சிரிக்கலாமா என்று மனைவியைப் பார்த்தேன். அவள் அதற்குள் புடவைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டு சுவரைப் பிடித்திருந்தாள். அப்புறம் நானும் சிரித்தேன். தம்பி அங்கேயே நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தான். டீ வந்தது. எங்கள் வீட்டு டீயில் அவனுக்குச் சர்க்கரை ஒரு கரண்டி தூக்கலாக வேண்டும் என்பதை மனைவி மறக்கவில்லை.

டீயைக் குடித்துவிட்டு இருவரும் ஒரே வண்டியில் கிணற்றுக்குப் போனோம். சிம்மைக் கழற்றி என் போனில் போட்டு, அந்த அம்மாவைக் கூப்பிட்டோம். பாட்டை நிறுத்த ஒன்று, மாற்ற இரண்டு என்றார். என் விரல் தானாக நீண்டது. தம்பி என் கையைத் தட்டிவிட்டான்.

"நீ கைய எட்துக்கினு தள்ளி நில்லு. நான் அமுக்கறேன்."

வரப்பில் இரண்டு அடி தள்ளி, கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றேன். அவன் இரண்டை அமுக்கி, ஒவ்வொன்றாகக் கேட்டு, ஒரு நாதஸ்வரத்தில் நிறுத்தினான். வார்த்தை எதுவும் இல்லாதது. நம்ம குடும்பத்துக்கு வார்த்தை ஆகாது என்று காரணம் சொன்னான்.

அன்று சாயங்காலமே அவனும் அவன் மனைவியும் தட்டோடு வந்தார்கள். வெற்றிலை பாக்கு, பழம், மேலே பத்திரிகை. நான் குளித்து, விபூதி பூசி, ஒன்றும் தெரியாதவன் மாதிரி உட்கார்ந்திருந்தேன். தட்டை வாங்கி மூன்று தடவை கண்ணில் ஒற்றிக்கொண்டேன். கடிகாரம் அதையும் நடை என்று எண்ணியிருக்கும்.

மூன்று வாரமாகக் கேட்ட பாட்டுக்கு அவனுக்கு அன்றைக்கு மட்டும் ஏன் கோபம் பொங்கியது என்று நான் கேட்கவில்லை. பீரோ மேலிருந்த கட்டைப் பற்றியும் கேட்கவில்லை. வந்து கத்துவதற்கு அவனுக்கு ஒரு காரணம் தேவைப்பட்டது. அதை என் விரல் கொடுத்தது. அந்த நட்சத்திரத்துக்கும், மச்சானின் சோகத்துக்கும், அன்று ஒன்பது மணிக்கு வராத கரண்டுக்கும் நான் நன்றி சொல்லாமல் யார் சொல்வது?

கல்யாணத்தில் மேடையில் நின்றேன். போட்டோ எல்லாவற்றிலும் என் கண் மூடியிருக்கிறது, அது வேறு. சாப்பாட்டுப் பந்தியில் தம்பியின் மாமனார் வழி ஆள் ஒருவர், என்னப்பா, கீதாவைக் காணோமே என்று ஆரம்பித்தார். எனக்கு வாயில் வைத்த ஜாங்கிரி அப்படியே நின்றது. தம்பி சாம்பார் வாளியைக் கீழே வைக்காமலே பதில் சொன்னான்.

"மோட்டார் போட போய்கீறா. வர்ற நேரம்தான்."

பந்தியே சிரித்தது. அதற்குப் பிறகு யாரும் கேட்கவில்லை.

இப்போதும் புதுச் சாமான் வந்தால் என்னைக் கேட்கிறார்கள். நன்றாக இருக்கிறது என்றுதான் சொல்கிறேன். மோட்டார் செயலி இன்னும் என் போனில் இருக்கிறது, அதை மட்டும் தொடுவதில்லை. என் முறை வரும் நாளில் நம்பரைப் போட்டுக் கூப்பிடுகிறேன். கரண்டு இருந்தால் இரண்டு மூச்சு நாதஸ்வரத்திலேயே பெட்டி எடுத்துவிடும். இல்லாத நேரம் பார்த்துக் கூப்பிட்டால் முழுசாகக் கேட்கலாம். தம்பியும் அப்படித்தான் கூப்பிடுகிறான் என்று அவன் மனைவி சொன்னாள். நேற்று நான் கூப்பிட்டபோது லைன் பிஸி.