தவராசா அண்ணை சாப்பிடாத மீன்

இன்று காலை முதல் எங்கள் வீட்டுத் தேங்காய்ச் சம்பலுக்கு மாசி போடுவதில்லை என்று முடிவெடுத்திருக்கிறேன். வீட்டில் அறிவித்தாயிற்று. மீள்பரிசீலனை கிடையாது.

எங்கள் கந்தோர் டிரைவர் தவராசா அண்ணை போய்விட்டார்... நேற்றுப் பின்னேரம்.

திருகோணமலையில் வேலை பார்த்த காலம் முழுக்க அவருடைய ஜீப்பில்தான் ஃபீல்ட் போனேன். இலங்கைத்துறை, வெருகல்... பின்சீற்றுக்கடியில் எப்போதும் ஒரு பெட்டி. சின்ன ஸ்டவ், இரண்டு சட்டி, ஒரு போத்தல் தேங்காயெண்ணெய்.

மத்தியானம் ஏதாவது மரநிழலில் நிறுத்துவார். கத்தரிக்காய்ப் பால்கறி, பருப்பு, வல்லாரைச் சம்பல். அந்த வருடங்களில் என் கொலஸ்ட்ரோல் இறங்கியதற்கு எந்த டொக்டரும் உரிமை கோர முடியாது.

அண்ணை பிறவிச் சைவம் அல்லர். சம்பூர்க்காரர், கடலுக்குப் போகிற குடும்பம். பாரை மீன் என்றால் உயிர்.

சண்டைக்குள் ஊரைவிட்டு ஓடிவந்தபோது வெருகல் முருகனுக்கு ஒரு நேர்த்தி வைத்தார். சொந்தக் காணியில் திரும்ப அடுப்பு மூட்டும்வரை மீன், மச்சம் தொடுவதில்லை.

பிறகு சனம் திரும்பிப் போனது. அண்ணையின் காணி மட்டும் படைமுகாம் வேலிக்கு அந்தப் பக்கம். அவர் டவுனில் வாடகை வீட்டிலேயே இருந்தார்.

கந்தோரில் ஒருமுறை ஆரோக்கிய வாழ்வு தினம் கொண்டாடினோம். அண்ணைக்குச் சான்றிதழ்.

"இத்தனை வருசமா மீன் இறைச்சி இல்லாமல் இருக்கிறீங்கள். என்ன ரகசியம்?" என்று மேலதிகாரி மைக்கை நீட்டினார்.

"காணி இன்னும் தரேல்ல, சேர்."

எல்லோரும் கைதட்டினோம்.

கடையில் சாப்பிட நேர்ந்தால் முதற்கேள்வி சம்பலைப் பற்றித்தான். "மாசி போட்டதோ?"

"சீச்சீ, தனி மரக்கறி ஐயா. மாசி கொஞ்சம்தான்."

மாசி என்பது காய்ந்த மீன்... இது எங்கள் பக்கத்தில் பலருக்கு ஒப்புக்கொள்ளக் கஷ்டமான செய்தி. நானும் அந்தப் பலரில் ஒருவன்.

ஒருநாள் எங்கள் வீட்டில் சாப்பிட்டார். "மீன் ஒண்டும் இல்லைத்தானே, தம்பி?"

"இல்லை அண்ணை, வடிவாச் சாப்பிடுங்கோ."

சம்பலை இரண்டாம் தரமும் போட்டுக்கொண்டார். என் மனைவி குசினியிலிருந்து எட்டிப் பார்த்து, "மாசி கூடிப்போச்சோ, அண்ணை?" என்றாள்.

அண்ணை எழுந்து கையைக் கழுவினார். "தெரியாமல் நடந்தது. விடுங்கோ."

அந்த மாதம் விடுவிக்கப்படும் காணிகளின் பட்டியல் வந்தது. அவருடையது அதில் இல்லை.

அடுத்த பயணத்தில், ஸ்டியரிங்கைப் பிடித்தபடி, "உங்கட சம்பல்தான் தம்பி வேலையைக் காட்டிப்போட்டுது" என்று சிரித்தார். நானும் சிரித்தேன் என்றுதான் நினைக்கிறேன்.

கடைசியாகப் போன மாதம் பார்த்தேன். எலும்பும் தோலும்... உடம்பு தேற மீன் சாப்பிடச் சொல்லி டொக்டர் எழுதிக் கொடுத்திருந்தார்.

"ஒரு துண்டெண்டாலும் சாப்பிடச் சொல்லுங்கோ, தம்பி. நான் சொன்னால் கேக்கிறாரில்லை" என்றார் அவருடைய மனைவி, ராணியக்கா.

"ஏலாது" என்றார் அண்ணை. "இவ்வளவு காலம் இருந்திட்டு..."

நான் எந்த முகத்தோடு சொல்வது? சம்பல் போட்ட வீட்டுக்காரன்.

எட்டாம் நாள் படையலுக்கு, போனவருக்குப் பிடித்ததெல்லாம் சமைப்பது எங்கள் வழக்கம். நேர்த்தி எல்லாம் உயிரோடு இருக்கும்வரைதானே என்று இன்று செத்தவீட்டில் சொந்தக்காரர் கதைத்தார்கள். நல்ல பாரையாகப் பார்த்து வாங்கவேண்டும் என்றார் ஒருவர்.

ராணியக்கா நிமிர்ந்து பார்த்தார். "ஏன், காணி வந்திட்டுதோ?"



போயிட்டு வாங்கோ, அண்ணை...

வருகிற புதன்கிழமை எட்டு. மரக்கறிச் சமையல்.