வாக்கிங் போகிற வழியில் விழுந்த பை

சர்க்கரை நோய்க்காகத் தினமும் கண்மாய்க் கரையில் நடப்பேன். போன மாதம் ஓடுகிற பைக்கிலிருந்து ஒரு பை என் காலடியில் விழுந்து கிழிந்தது. கோழிக்குடல் சேலையெல்லாம் தெறித்தது. குமட்டிக்கொண்டு நிற்கும்போதே நாய்கள் சூழ்ந்துவிட்டன. மழையில் ஊறிய கரிசல் மண் செருப்பைக் கவ்விக்கொள்ள, அதை விட்டுவிட்டு வெறுங்காலோடு தப்பித்தேன்.

எறிந்தவர் அடுத்த வீட்டுக்காரர். கேட்டதற்கு, "கிரவுண்டுக்கு வாக்கிங் போறேன்லாக்கா, போற வழியில போட்டுட்டுப் போறேன்" என்றார். நடக்கப் போவதற்கே பைக் எடுக்கிற மனுஷனுக்குத் தெருமுனைக் குப்பை வண்டி தூரமாம்.

இப்போது தினமும் காலையில் என் குப்பை வாளியோடு அவர் வாசலில் போய் நிற்கிறேன். "பைக் சாவியை உள்ள வச்சிட்டு வாளியை எடுங்க தம்பி. நடந்தே போவோம்."

முனங்கிக்கொண்டே வருகிறார். அவருக்கு வாக்கிங் ஆகிவிடுகிறது. எனக்குத்தான் இன்னும் கோழிக்கறி தொண்டையில் இறங்கவில்லை.