கத்திரி வெயிலில் வளர்ந்த தொப்பி

பாகூர் ஏரிக்குத் தெற்கே, கரும்புக் கொல்லையை ஒட்டி இருக்கிறது வினோதினியின் வீடு. பன்னிரண்டாம் வகுப்புப் பரீட்சை எழுதிவிட்டு ரிசல்டுக்குக் காத்திருந்த கோடையில் அவள் கம்பளி பின்னக் கற்றுக்கொண்டாள். போனில் ஒரு வீடியோ. அதில் யாரோ ஒரு பெண்ணின் கைகள் மட்டும் தெரியும், முகம் வராது. பேச்சும் புரியாத மொழி. அந்தக் கைகளைப் பார்த்துப் பார்த்தே பழகினாள்.

வில்லியனூர் ஃபேன்சி கடையில் நூல் கிடைத்தது, பின்னல் ஊசி கிடைக்கவில்லை. சைக்கிள் கடையில் சக்கரத்துப் பழைய போக்ஸ் கம்பி இரண்டு கேட்டு வாங்கி, துவைக்கிற கல்லில் தேய்த்துக் கூராக்கினாள். கம்பியின் வளைந்த தலை நூல் கண்ணிகளை நழுவாமல் பிடித்துக்கொண்டது.

முதலில் தம்ளர் வைக்க ஒரு சின்னப் பாய். பிறகு அப்பாவின் செல்போனுக்கு உறை.

"கத்திரி வெயில்ல கம்பளி பின்றா. இவள ஊட்டிக்குத்தான் கட்டிக் குடுக்கணும்" என்றார் அப்பா குமரவேல். ஆனாலும் உறையில் போட்டுத்தான் போனை வயலுக்கு எடுத்துப் போனார்.

ஒரு குறை மட்டும் போகவில்லை. வீடியோவில் கண்ணிகள் கால் அகட்டி நேராக நின்றன. அவளுடையவை கால்மேல் கால் போட்டதுபோல் முறுக்கி நின்றன. பிரித்துப் பிரித்துப் பின்னினாள். பிரித்த நூல் நூடுல்ஸ்போலச் சுருண்டதே தவிர முறுக்கு மாறவில்லை.

சித்திரைக் கடைசியில் அக்கா புவனேஸ்வரியைப் பிரசவத்துக்கு அழைத்து வந்தார்கள். இது இரண்டாவது பிள்ளை. முதல் பிள்ளை, ஆண், பிறந்த அன்றே போய்விட்டது. அந்தச் சமயம் வினோதினி அம்மை போட்டு அத்தை வீட்டில் கிடந்தாள், எதையும் பார்க்கவில்லை. பிறக்கும் முன்பே சட்டை, தொட்டில் என்று எல்லாம் வாங்கி வைத்ததுதான் தப்பு என்று அம்மா ஆதிலட்சுமி நம்பினாள். இந்த முறை பிள்ளைக்கென்று புதிதாக ஒரு நூல்கூட வீட்டுக்குள் வரக்கூடாது. பிறந்ததும் பழந்துணிதான் போட வேண்டும்.

வினோதினி அதற்குள் ஒரு குழந்தைத் தொப்பி தொடங்கியிருந்தாள். கையில் இருந்த மெல்லிய நூல் மஞ்சள்தான்.

"இன்னாடி அது?"

"தண்ணி பாட்டிலுக்கு உறைம்மா."

"பாட்டிலுக்குக் குளுரா அடிக்குது?"

அம்மா சிரித்தாள். வினோதினி உச்சியை மூடாமல் பாதியில் நிறுத்திவிட்டாள். மூடாதவரை அது தொப்பி இல்லை. பிள்ளை நல்லபடியாகப் பிறந்த பிறகு மூடிக்கொள்ளலாம்.

ஒருநாள் பகல் தூக்கம் கலைந்து எடுத்துப் பார்த்தபோது தொப்பி வளர்ந்திருந்தது. அவள் விட்ட இடத்துக்கு மேலே புதிய வரிசைகள். அந்தக் கண்ணிகளில் ஒன்றுகூட முறுக்கவில்லை. நூல் உருண்டையோ இளைக்கவே இல்லை. புதிய வரிசைகளின் நூல் அலையலையாக இருந்தது, ஏற்கெனவே ஒருமுறை பின்னிப் பிரித்த நூல் மாதிரி.

அதன்பின் உச்சிவேளைதோறும், வீடு படுத்து எழும்போதெல்லாம், அது வளர்ந்தது. மேலே குறுகவும் தொடங்கியது.

அக்காதான் விளையாடுகிறாள் என்று நினைத்து, ஒரு மத்தியானம் தொப்பியைத் தலைக்கடியில் வைத்துக்கொண்டு தூங்காமல் படுத்திருந்தாள். வெளியே காக்கைகூடக் கத்தவில்லை. புவனா ஒருக்களித்துத் தூங்கினாள். அவள் விரல்கள் மட்டும் வயிற்றின்மேல் அசைந்தன. வலது கை குத்தி வாங்கியது, இடது கைச் சுட்டுவிரல் இல்லாத நூலைத் தூக்கிக் கொடுத்தது. வீடியோக் கைகளைப்போலவே, தடங்கல் இல்லாமல்.

"அக்கா, இன்னா பண்ற?"

விரல்கள் நின்றன. "தூங்கறன். இன்னாடி?"

"உனக்குப் பின்னத் தெரியுமா?"

"எனக்குப் பூவே கட்டத் தெரியலன்னு மாமியா வூட்ல சிரிக்கறாங்க."

வினோதினி தலைக்கடியிலிருந்து தொப்பியை எடுத்தாள். இன்னும் இரண்டு வரிசை ஏறியிருந்தது. புவனா அதைத் தொடாமல் பார்த்தாள்.

"அவனுக்கும் மஞ்சத் தொப்பிதான் வாங்கி வெச்சிருந்தோம். அதப் போட்டுத்தான் கரும்பு ஓரத்துல பொதச்சாங்க."

உச்சி மூடுவதற்குள் பிரித்துவிட வேண்டும். வினோதினி அப்போதே கிணற்றடிக்குப் போய் நூலை இழுத்தாள். சுடும் வெயிலில் அந்த நேர் வரிசைகள் சில்லென்று, ஈரமாக வந்தன. அவளுடைய முறுக்கு வரிசைகள் காய்ந்து வந்தன. எல்லாவற்றையும் உருண்டையாகச் சுற்றி, பெட்டிக்குள் போட்டுப் பூட்டினாள்.

சாயங்காலம் புவனாவுக்கு வலி எடுத்தது. டாக்டர் சொன்ன தேதிக்கு இன்னும் நாள் இருந்தது. ஆட்டோவில் புதுச்சேரி ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்ந்தார்கள். விடியும்போது பெண் குழந்தை. எடை குறைவு, ஆனால் அழுதது.

"தலைய மூடுங்கம்மா, குளிரக்கூடாது" என்றாள் நர்ஸ்.

அம்மா பழைய வேட்டித் துண்டுகள் இருந்த பைக்குள் கைவிட்டாள். வெளியே வந்தது மஞ்சள் தொப்பி.

"எவ்ளோ சொன்னேன், நீதானடி வெச்ச?"

வினோதினி அதை வாங்கித் திருப்பினாள். உச்சி மூடியிருந்தது. விளிம்பு முதல் உச்சிவரை எல்லாக் கண்ணிகளும் நேராக நின்றன. உள்பக்கம் தட்டியபோது கொஞ்சம் மண் உதிர்ந்தது.

"நான் பின்னனது இல்லம்மா."

புவனா படுக்கையிலிருந்து கை நீட்டினாள். "பழசுதாம்மா. போடு."

அம்மா மிச்ச மண்ணையும் உதறிவிட்டு, குழந்தைக்குப் போட்டுவிட்டாள். சரியாக இருந்தது. குழந்தை அழுகையை நிறுத்தியது.

வீட்டுக்கு வந்ததும் வினோதினி பெட்டியைத் திறந்தாள். சுற்றி வைத்த உருண்டை அப்படியே இருந்தது. பின்னால் நின்று பார்த்துக்கொண்டிருந்த அம்மா மெதுவாகச் சொன்னாள்:

"அப்போ அது அவனோடது. இப்போ அவன் தலையில ஒண்ணும் இல்லியே."

அந்த நூலிலேயே வினோதினி மறுபடி பின்னினாள். இந்த முறை மறைக்கவில்லை. அம்மாவே பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். கண்ணிகள் தாமாகவே நேராக விழுந்தன. உச்சிக்கு வந்ததும் புவனா தடுத்தாள்.

"நீ மூடாத. அவனுக்குத் தெரியும்."

வினோதினி அதைக் கம்பியோடு கொண்டுபோய்க் கரும்பு ஓரத்தில் வைத்துவிட்டு, திரும்பிப் பார்க்காமல் வந்தாள். மறுநாள் உச்சிவெயிலில் போய்ப் பார்த்தபோது இரண்டு போக்ஸ் கம்பிகள் மட்டும் குறுக்காகக் கிடந்தன. அந்த வெயிலிலும் அவை சில்லென்றிருந்தன.