நிறுத்திவைக்கப்பட்ட மூன்று பற்கள்

வங்கியில் அவருக்கு ‘தடுப்பு’ என்று பெயர். வெளிநாட்டுக்குப் போகிற பணம் எதுவும் அவர் மேசையைத் தாண்டித்தான் போகவேண்டும். எவனோ எங்கோ திருட்டுத்தனமாக அணுகுண்டு செய்ய, அதற்கான சாமானுக்கு இந்தக் கிளை வழியாகப் பணம் போய்விடக் கூடாது. ஜெராக்ஸ் இயந்திரத்துக்கும் தண்ணீர்க் கேனுக்கும் நடுவில் உட்கார்ந்து, பத்தொன்பது வருடமாக உலகத்தைக் காப்பாற்றிக்கொண்டிருந்தார். பிடிபட்ட அணுகுண்டு ஒன்றுகூட இல்லை. அதுவே தன் திறமைக்கு அத்தாட்சி என்பது அவர் கட்சி.

படிவத்தில் ‘எதற்காக’ என்ற கட்டத்தைப் படித்து, அணுகுண்டுக்கு ஆகக்கூடிய சாமான்கள் என்று மேலிடம் கொடுத்த சொற்பட்டியலோடு ஒப்பிடுவார். பட்டியலில் உள்ள சொல் ஒன்று இருந்தால் விசாரிப்பார். இரண்டு இருந்தால் பணத்தை நிறுத்திவிட்டு மேலிடத்துக்கு எழுதுவார். விவரம் தெரிந்த வியாபாரிகள் அந்தக் கட்டத்தில் இரண்டு சொல்லுக்கு மேல் எழுதுவதில்லை. அவர்கள் பணம் ஜோராகப் போய்க்கொண்டிருந்தது.

மனைவியின் தம்பிக்கு அந்த விவரம் போதாது. அவர் பல் செய்கிறவர். மருத்துவர்கள் அச்சை அனுப்புவார்கள். பக்கத்துப் பல்லின் நிறம் பார்த்து, சூளையில் சுட்டுக் கொடுப்பார். சூளை படுத்துவிட்டது. இரண்டு மாதமாக வேலை நின்றுபோய், மருத்துவர்கள் வேறு ஆளைத் தேட ஆரம்பித்திருந்தார்கள். வெளிநாட்டில் ஒரு சூளையைப் பேசி முடித்தார். மாதக் கடைசிக்குள் பணம் வராவிட்டால் வேறு ஆளுக்குக் கொடுத்துவிடுவதாக அங்கே கறாராகச் சொல்லிவிட்டார்கள். பல்லுக்குக் காத்திருந்தவர்களில் அவருடைய அம்மாவும் ஒருத்தி, முன்பல் மூன்று.

பல் செய்கிற அதே அக்கறையோடு படிவத்தை நிரப்பினார்: ‘வெற்றிடப் பம்ப் பொருத்திய சூளை. ஆயிரத்து இருநூறு டிகிரி. சிர்கோனியப் பல்லின் மேல் பீங்கான் சுட.’

தடுப்பு பட்டியலைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு விரல்விட்டு எண்ணினார். வெற்றிடப் பம்ப், சூளை, சிர்கோனியம். பட்டியல் சொல் மூன்று, ஒரே கட்டத்தில். மைத்துனர் என்று கண்டுகொள்ளாமல் விட்டால் நாளை யாராவது கேட்பார்கள். நிறுத்தினார். நிறுத்திய காரணத்தை வாடிக்கையாளரிடம் மூச்சுவிடக் கூடாது என்பது விதி. வாடிக்கையாளர் ஞாயிற்றுக்கிழமை சாப்பிட வந்தார்.

“அத்தான், என் பணம் உங்க பேங்க்ல எங்கேயோ மாட்டிக்கிட்டு நிக்குது. என்னன்னு கொஞ்சம் பாருங்களேன்.”

“அது என் கையில இல்ல, மாப்ள.”

“உங்க கையில என்னதாங்க இருக்கு?” என்றாள் மனைவி. மாமியார் வாயைக் கையால் மூடிக்கொண்டு ஏதோ சொன்னார். வாழ்த்து மாதிரி கேட்கவில்லை.

மேலிடம் பதறவில்லை. பல் எதற்கு என்று கேட்டது. மெல்லுவதற்கு என்று எழுதினார். மெல்லப்போவது யார் என்று கேட்டது. மாமியாரை வாசலில் வெளிச்சம் பார்த்து உட்காரவைத்து, வாயைத் திறக்கச் சொல்லிப் படம் எடுத்து, ‘இறுதிப் பயனாளர்’ என்று இணைத்தார். எதற்கு என்று அந்த அம்மாள் கேட்டதற்கு, ரகசியம் என்றார். படம் தெளிவாக இல்லை என்று மேலிடம் பதில் எழுதியபோது மாதம் முடிந்திருந்தது. சூளை வேறு கைக்குப் போய்விட்டது.

மூன்று வாரம் கழித்து மைத்துனர் சிரித்துக்கொண்டே வந்தார். அந்த வேறு கை, இதே ஊர் வியாபாரியாம்.

“அதே சூளைதான் அத்தான். என்கிட்ட ஒண்ணரை மடங்கு வாங்கிட்டான், போகட்டும். ‘கடைச் சாமான்’னு எழுதினானாம். உங்க பேங்க்லதான். காலையில குடுத்தானாம், மத்தியானம் பணம் போயிடுச்சாம். அங்க ஒரு நல்ல மனுஷன் இருக்காருன்னு சொன்னான்.”

பத்தொன்பது வருடத்தில் முதன்முறையாக ஒரு நிஜக் குற்றம் தடுப்பின் கையில் வந்து விழுந்திருந்தது. பொய் விவரம் எழுதியவன் தெரியும். சாமான் இருக்கிற இடம் தெரியும். கையெழுத்துப் போட்டு அனுப்பிய அதிகாரியை நன்றாகவே தெரியும். எழுதிக்கொடுத்தால் மைத்துனரின் சூளையும் போகும், அந்த அதிகாரியின் வேலையும் போகும்.

“நல்ல மனுஷன்தான்,” என்று சொல்லிவிட்டு, மனைவியிடம் இன்னும் கொஞ்சம் சோறு கேட்டார்.