தவளை ஓட்டிய ரயில்

சிறிதேவிக்கு வாரநாட்களில் எல்லிங்ஸ்ருட்டில் ஒரு முதியோர் இல்லத்தின் சமையலறை. சனிக்கிழமைகளில் மர அச்சுப் பட்டறை. ஜப்பானியரின் பழைய வேடிக்கைப் படங்களில்தான் அவளுக்குப் பித்து. மல்யுத்தம் செய்யும் தவளைகள், புகழ்பெற்ற நடிகர் இறந்தால் தேம்பி அழும் பூனைகள். நேரே சொல்ல முடியாததை அந்தக் கலைஞர்கள் மிருகங்களின் தலையில் ஏற்றிச் சொன்னார்கள்.

அண்ணன் குலேந்திரன் இறந்தபோது அவளும் அதைத்தான் செய்தாள். முப்பத்தோராம் நாள் கொடுக்கும் நினைவு மலரின் அட்டைக்குச் செர்ரிப் பலகையில் ஒரு படம் செதுக்கினாள். அண்ணனின் ரயில் ஓட்டுநர் சீருடையில், அவருடைய மீசையோடு ஒரு தவளை. ரயிலின் கதவுகள் மூடிவிட்டன. மேடையில் எமனின் எருமை நாக்குத் தள்ள ஓடி வருகிறது. ஈரத்தாளில் தேய்த்தெடுத்த பிரதியோடு வெஸ்ட்லியில் அண்ணன் வீட்டுக்குப் போனாள்.

அண்ணன் மனைவி கஜேந்தினி வாங்கிப் பார்த்தாள்.

"இது ஆர்? இவரோ?"

"ஓம் மச்சாள்."

"தவளையோ? சனம் எனக்கு விசரெண்டெல்லோ கதைக்கும்!"

"ஆஸ்பத்திரிக் கட்டில்லையும் டொக்டரைச் சிரிக்க வைச்ச மனுசன். மலருக்கெண்டு நீங்கள் எடுத்து வைச்ச ஸ்டூடியோப் படத்திலை இருக்கிறவரை எனக்குத் தெரியேல்லை."

கஜேந்தினி வேண்டாம் என்றால் பலகை அடுப்புக்குத்தான். கஜேந்தினி படத்தை மடியில் வைத்து வெகுநேரம் பார்த்தாள்.

"இது பிழை," என்றாள் கடைசியில்.

"என்ன பிழை?"

"ஓடி வாறவையை விட்டிட்டு அவர் ஒருநாளும் போனதில்லை. கதவைத் திறந்து வைச்சுக்கொண்டு நிப்பார். பிந்தினதுக்குப் பேச்சு வாங்கிக்கொண்டு வீட்டை வருவார். நானும் ஏசுவன்."

சிறிதேவி பிரதியைத் திரும்ப வாங்கிக்கொண்டாள். அண்ணனைத் தப்ப வைக்க நினைத்ததில் அண்ணனையே மறந்துபோயிருந்தாள்.

செதுக்கி எறிந்த மரம் திரும்பி வராது. கதவு இருந்த இடத்தைச் சதுரமாகத் தோண்டி, புதுத்துண்டு ஒன்றை இறுக்கி அடித்தாள். அதில் திறந்த கதவை வெட்டினாள். எருமையின் ஒரு முன்னங்கால் ரயிலுக்குள். ஒட்டுத் தெரியாமல் இழைத்துப் பார்த்தாள். கதவைச் சுற்றி மயிரிழையாய் ஒரு வெள்ளைக்கோடு அச்சில் விழுந்துகொண்டேயிருந்தது. அதை அப்படியே விட்டுவிட்டாள்.

முப்பத்தோராம் நாள் பந்தியில், குலேந்திரனோடு ரயில் ஓட்டிய பிலேந்திரன் மலரைக் கையில் எடுத்தார். விரல் கதவில் நிற்க, பரிமாறிக்கொண்டிருந்த கஜேந்தினியை நிமிர்ந்து பார்த்தார்.

"எருமைக்குமோ கதவைத் திறந்து வைச்சவர், தங்கச்சி?"

"ஓம் அண்ணை. எருமைக்கும்."

சொல்லும்போதே கஜேந்தினிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, அவருடைய இலையில் இன்னும் கொஞ்சம் சோறு வைத்தாள்.