கான்வாஸை எடுக்கச் சொன்னேன்

பல்கலைக்கழகம் போவதற்கான ஆறாம் படிவத் தேர்வு எழுதிவிட்டு முடிவுக்காகக் காத்திருந்த மாதங்களில் எனக்கு மண் பைத்தியம் பிடித்திருந்தது. பிரிக்பீல்ட்ஸுக்கு டியூஷன் போய்வந்த காலத்தில் பழைய புத்தகக் கடையில் வாங்கிய ஓர் ஆங்கிலப் புத்தகம்தான் காரணம். வறண்ட மலைநாடுகளில் மழைநீரை எப்படிப் பிடித்து வைப்பது என்று படம் போட்டு விளக்கியிருந்தார்கள். சரிவுக்குக் குறுக்கே, ஒரே மட்டத்தில் வாய்க்கால் வெட்ட வேண்டும். ஓடுகிற தண்ணீர் அதில் நிற்கும், நின்றால் மண்ணுக்குள் இறங்கும், மண் அரித்துப் போகாது. மூன்று முறை படித்தேன். ஒரு மலை கிடைத்தால் போதும் என்றிருந்தது.

மலை வீட்டுக்குப் பின்னாலேயே இருந்தது. செராஸில் நாங்கள் குடியிருந்த புறம்போக்குக் குடியிருப்பான கம்பத்துக்கு மேலே, ரப்பர் மரங்கள் நின்ற குன்றை ஒரு வீடமைப்புக் கம்பெனி மொட்டையடித்துவிட்டது. மழை பெய்தால் சிவப்புக் குழம்பு இறங்கும். அது முதலில் வந்து நிற்கிற இடம் பக்கத்து வீட்டு அக்காவின் மாட்டுக்கொட்டகை. மூன்று மாடுகள், அதில் ஒன்று சினை. பால் ஊற்றித்தான் அக்கா பிழைத்தார். சேற்றிலேயே நின்று மாடுகளுக்குக் குளம்பில் புண் வந்துவிட்டது. இன்னொரு மழைக்காலம் இப்படிப் போனால் விற்றுவிட வேண்டியதுதான் என்று சொல்லிக்கொண்டிருந்தார்.

அவரிடம் இருந்தது லோரியிலிருந்து கழற்றிய ஒரு பழைய கான்வாஸ். மத்தியானம் மேகம் கறுத்தால் ஓடிப்போய்க் கொட்டகைக்கு மேலே சரிவில் விரித்து, நான்கு மூலைக்கும் கல் வைப்பார். கான்வாஸ் மூடாத பக்கத்திலிருந்து சேறு வரும்.

“இது வேலைக்காவாதுக்கா. தண்ணிய ஓட விட்டா மண்ணையும் இழுத்துக்கிட்டுத்தான் வரும். நிக்க வைக்கணும்.”

“நிக்கச் சொன்னா நிக்குமா? என் மாடே நிக்க மாட்டேங்குது.”

பிப்ரவரி வெயிலில் ஆரம்பித்தேன். மூன்று கம்புகளை ஆங்கில ‘A’ எழுத்து மாதிரி கட்டி, உச்சியிலிருந்து கயிற்றில் அம்மாவின் பூட்டைத் தொங்கவிட்டேன். கயிறு நடுக்கம்பில் போட்ட கோட்டில் நின்றால் இரண்டு காலும் ஒரே மட்டத்தில் இருக்கின்றன என்று அர்த்தம். எதிர் வீட்டு லோரி டிரைவர் அண்ணன் வேலியைப் பிடித்துக்கொண்டு வேடிக்கை பார்த்தார்.

“ஒதுங்குங்க லா, எஞ்சினியரம்மா மலைய அளக்கறாங்க! அந்தப் பூட்டு எதுக்கு? மலை ஓடிப்போயிடும்னு பூட்டப் போறியா?”

“நீங்க சும்மா நிக்கறதுக்கு ஒரு மண்வெட்டி எடுத்துக்கிட்டு வாங்கண்ணே.”

சிரித்துக்கொண்டே வந்தார். அக்காவும் வந்தார். மூன்று வாரத்தில் ஐந்து வாய்க்கால், ஒன்றுக்குக் கீழே ஒன்றாக. மார்ச்சில் பெய்த முதல் மழைக்குக் கொட்டகைக்குள் ஒரு கைப்பிடிச் சேறுகூட வரவில்லை. அக்கா எனக்கு ஒரு பெரிய மக்கு நிறையப் பால் கொடுத்து, நான் குடித்து முடிக்கும்வரை பக்கத்திலேயே நின்றார். அந்த வாரமே தேர்வு முடிவும் வந்தது. புவியியலில் முதல் தரம். அதற்கப்புறம் நான் சொன்னதற்குக் கம்பத்தில் மறுபேச்சு இல்லை.

“கான்வாஸ எடுத்துடுங்கக்கா. மழை நேரா மண்ணுல எறங்கணும்.”

“கெடக்கட்டுமே பாப்பா, அது பாட்டுக்கு.”

“அது கெடந்தா நான் வெட்டுனதுக்கு என்னக்கா அர்த்தம்?”

என் முகத்தை ஒருமுறை பார்த்தார். எடுத்துக் கொட்டகைக் கூரையில் ஒழுகுகிற இடத்தில் போட்டுவிட்டார்.

ஏப்ரலில் மத்தியானந்தோறும் மழை, மண் காய நாளே இல்லை. நான் தினமும் மேலே போய் வாய்க்கால்கள் விளிம்பு தட்ட நிற்பதைப் பார்ப்பேன். ‘ஒரு சொட்டுகூடக் கீழே போகவில்லை’ என்று நோட்டில் எழுதிவைத்தேன். அந்த வறண்ட நாடுகளில் வருடத்துக்குச் சில நாள்தான் மழை, மற்ற நாளெல்லாம் வெயிலில் மண் காய்ந்துவிடும் என்றும் புத்தகத்தில் இருந்தது. அந்த வரியையும் மூன்று முறை படித்திருந்தேன்.

அன்றைக்கு மூன்று மணி இருக்கும். கொட்டுகிற மழையில் மண்வெட்டியோடு மேலே போனேன். முதல் வாய்க்காலுக்கு மேலே தரையில் ஒரு வெடிப்பு. கையை விட்டேன், மணிக்கட்டுவரை போனது. வாய்க்காலின் கரையை உடைத்தால் தண்ணீர் நேராகக் கொட்டகைமேல் விழும். விட்டால் வெடிப்புக்குள் இறங்கும். புத்தகத்தில் இதற்குப் படம் இல்லை. எவ்வளவு நேரம் அப்படியே நின்றேனோ தெரியாது. பிறகு, தண்ணீர் பக்கவாட்டில் போகட்டும் என்று வாய்க்காலின் ஒரு முனையை வெட்டினேன். சிவப்புத் தண்ணீர் பாய்ந்து, நான் மூன்று வாரம் தோண்டிய ஆழத்தைவிட அதிகமாக ஒரு நிமிஷத்தில் தோண்டிவிட்டது.

“அக்கா! மாட்ட அவுருங்க! அக்கா!”

கத்திக்கொண்டே ஓரமாக இறங்கி ஓடினேன். அக்காவும் லோரி அண்ணனும் இரண்டு மாடுகளை வெளியே இழுத்துவிட்டார்கள். சினைமாடு சுவரோரம் படுத்திருந்தது. சரிவு பெரிய சத்தமெல்லாம் போடவில்லை. களைத்த ஆள் உட்காருகிற மாதிரி அப்படியே உட்கார்ந்தது. என் மற்ற வாய்க்கால்களில் தண்ணீர் அப்போதும் தளும்பாமல் நிற்பதைப் பார்த்தேன். அப்படியேதான் கீழே வந்தன.

மாட்டின் தலை மட்டும் வெளியே இருந்தது. கையால் தோண்டினோம். தோண்டத் தோண்ட மழை குழியை நிரப்பியது. அண்ணன் கயிறு போட்டு இழுத்துப் பார்த்தார். அக்கா அதன் மூக்கிலிருந்து சேற்றை முந்தானையால் துடைத்துக்கொண்டே இருந்தார். இருட்டுவதற்குள் அவர் கை நின்றுவிட்டது.

“கம்பெனிக்காரன் மலைய மொட்டையடிச்சான், மலை வீட்டுக்கு வந்துருச்சி. வேற என்ன?” என்றார் அண்ணன். எல்லாரும் ஆமாம் என்றார்கள். நானும் தலையாட்டினேன். அது உண்மையாகவும் இருக்கலாம். வாய்க்கால் இல்லாவிட்டாலும் வந்திருக்குமா என்று எனக்கு இன்றுவரை தெரியாது.

மறுநாள் அக்கா சேற்றிலிருந்து எடுத்த கான்வாஸைக் குழாயடியில் அலசிக்கொண்டிருந்தார். பக்கத்தில் போய் நின்றேன். திரும்பாமலே கேட்டார்.

“வாய்க்கால்ல தண்ணி நெறைய நின்னுச்சா பாப்பா?”

“நின்னுச்சிக்கா.”

“ம்.”

அதற்கு மேல் கேட்கவில்லை. கேட்டிருக்கலாம். மீதி இரண்டு மாடுகளையும் கிள்ளானிலிருந்து வந்த ஒருவருக்கு விற்றுவிட்டு, சுங்கை பூலோவில் தம்பி வீட்டுக்குப் போனார். போகிற அன்று கான்வாஸை மடித்து எங்கள் பின்வாசலில் வைத்தார்.

“ஒங்க வீட்டுக்குப் பின்னாடியும் மேடுதான். கறுத்துச்சின்னா விரிச்சிக்கோ.”

அன்று மத்தியானமே கறுத்தது. ஓடிப்போய் விரித்தேன். நான்கு மூலைக்கும் கல் வைத்தேன். கான்வாஸ் மூடாத பக்கத்திலிருந்து சிவப்புக் குழம்பு வந்துகொண்டே இருந்தது.